கடைசியில் பொத்தானை அழுத்துவது மனிதன்தானே, பிறகு தானியங்கி ஆயுதங்களை ஏன் தடை செய்ய வேண்டும் என்கிறார்கள்?

டிரோன் தாக்குதல் காணொளிகள் சிலவற்றைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். திரைக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்வரை கவலையில்லை என்பது உங்கள் எண்ணம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த ஆளுக்கு எத்தனை நொடி கிடைக்கிறது, அவர் எதைப் பார்க்கிறார், எது சொன்னதை நம்பி அழுத்துகிறார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. பொத்தானை மனிதன் அழுத்தியும் தவறான ஆட்கள் செத்திருக்கிறார்கள். பதில் நீளமாவதற்கு அதுதான் காரணம்.

முதலில் தானியங்கி ஆயுதத்தின் வரையறை. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு சொல்வது இது: ஒருமுறை இயக்கிவிட்ட பிறகு, மனிதத் தலையீடு இல்லாமல் இலக்கைத் தானே தேர்ந்து, தானே தாக்கும் ஆயுதம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012இல் வெளியிட்டு 2023இல் திருத்திய 3000.09 எண் கொண்ட ஆணையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இரண்டிலும் இயந்திரம் தானாகக் கற்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மனித உருவம் வேண்டும் என்றும் கிடையாது. மிதித்தவர் யாரென்று பார்க்காமல் வெடிக்கும் கண்ணிவெடி இந்த வம்சத்தின் பாட்டன். 2018இல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. பேச்சில் சீனா வைத்த வரையறை வேறு மாதிரி. ஏவியபின் நிறுத்தவே முடியாதது, தானாகவே பரிணாமம் அடைவது போன்ற தன்மைகள் இருந்தால்தான் தடைக்குரிய ஆயுதம் என்றது. நிறுத்த முடியாத ஆயுதத்தை எந்தத் தளபதியும் விரும்ப மாட்டார். அதைத் தடை செய்தால் எந்தக் கிடங்கிலிருந்தும் ஒரு பொருள்கூட வெளியேறாது. இந்த விவாதத்தில் பாதிச் சண்டை வரையறைக்குள்ளேயே நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் பொத்தானுக்கு வருகிறேன். 2003 மார்ச் 23 அன்று, இராக் மீதான பணியை முடித்துக் குவைத்திலுள்ள தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ போர்விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணை வீழ்த்தியது. உள்ளேயிருந்த இருவரும் இறந்தார்கள். அங்கே பொத்தானுக்குப் பின்னால் ஆள் இருந்தார். பிரிட்டிஷ் விசாரணைக் குழு எடுத்துக்காட்டிய காரணங்களைக் கவனியுங்கள். விமானம் இறங்கி வந்த விதத்தை வைத்து, அதை ரேடாரைத் தேடி அழிக்கும் ஏவுகணை என்று கணினி வகைப்படுத்தியது. உலகில் உள்ள பலவகை ஏவுகணைகளும் அடங்கும்படி அந்த வகைப்பாட்டு விதி அகலமாக எழுதப்பட்டிருந்தது. இராக்கிடம் எது இருக்கக்கூடும் என்று பார்த்துக் குறுக்கவில்லை. நண்பனா பகைவனா என்று கேட்டறியும் ஐ.எஃப்.எஃப். கருவிக்கு விமானத்திடமிருந்து பதில் வரவில்லை. விமானத்தின் கருவி பழுதாகியிருக்கலாம் என்றது குழு. பேட்ரியாட் பக்கத்திலும் இந்தக் கருவிக்கான ஒருவகைக் குறியீடுகள் ஏற்றப்படாமல் இருந்தன. அந்தப் பேட்ரியாட் படைப்பிரிவின் தகவல்தொடர்புச் சாதனங்கள் இன்னும் வந்து சேரவில்லை, ஆகவே வானத்தின் முழுப் படம் அவர்களிடம் இல்லை. பயிற்சியும் அச்சுறுத்தலைக் கண்டவுடன் சுடுவதற்கானது. பொய் எச்சரிக்கையைச் சந்தேகிக்கப் போதுமான பழக்கம் கொடுக்கப்படவில்லை. முடிவெடுக்கக் கிடைத்தது சுமார் ஒரு நிமிடம்.

மறுநாளே ஒரு அமெரிக்க எஃப்-16 போர்விமானி, தன் விமானத்தைக் குறிவைத்த பேட்ரியாட் ரேடார் மீது தானே ஏவுகணை விட்டார். ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18 விமானம் ஒன்று பேட்ரியாட்டால் வீழ்ந்தது, விமானி இறந்தார். மூன்று சம்பவங்களிலும் பேட்ரியாட்டின் எதிரில் இருந்தது சொந்தக் கூட்டணியின் விமானம். திரையில் ‘ஏவுகணை’ என்று எழுதியிருந்தால், ஒரு நிமிடம் மட்டுமே உள்ள இருபது வயதுச் சிப்பாய் அதை மறுக்க மாட்டார். பொத்தானை அழுத்தியது அவர் விரல், தீர்மானித்தது முன்கூட்டியே எழுதப்பட்ட வகைப்பாட்டு விதி. ஆனால் பழி எப்போதும் அந்த விரலைத்தான் தேடி வருகிறது. விதியை அவ்வளவு அகலமாக எழுதியவரை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. இது எனக்கு உண்மையாகவே ஆத்திரத்தைத் தருகிற விஷயம்.

“மனிதன் தவறே செய்வதில்லையா?” என்று கீழே கருத்து எழுத வருபவர்கள் 1988ஐக் கொண்டுவருவார்கள். சரி, பேசுவோம். அந்த ஆண்டு ஜூலை 3 அன்று அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தார்கள். கப்பலின் கணினி அந்த விமானம் மேலேறுவதாகவே பதிவு செய்திருந்தது, மாலுமிகள் அது இறங்கி வருவதாக நம்பினார்கள். ஆம், இங்கே தவறு மனிதருடையது. ஆனால் அந்தத் தவறு ஒரு கப்பலில், ஒரு காலையில் நடந்தது. ஒரே மென்பொருள் ஆயிரம் டிரோன்களில் ஓடினால், அதில் உள்ள பிழை ஆயிரம் இடங்களில் ஒரே நாளில் ஒரே மாதிரி வெளிப்படும். மனிதன் உத்தமன் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

சென்சார் உண்மையில் எதைப் பார்க்கிறது? 640க்கு 512 புள்ளிகள் கொண்ட வெப்பக் கேமரா, 20 பாகை கோணம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் தூரத்தில் அதன் காட்சி அகலம் சுமார் 353 மீட்டர். ஒரு புள்ளிக்கு 55 சென்டிமீட்டர். நின்றுகொண்டிருக்கும் மனிதன் மூன்று புள்ளி உயரம், ஒரு புள்ளி அகலம், அவ்வளவுதான். 200 மீட்டருக்கு வந்தால் ஒரு புள்ளி 11 சென்டிமீட்டர் ஆகும், ஆள் பதினைந்து புள்ளி உயரமாவார். 90 சென்டிமீட்டர் துப்பாக்கியைக் குறுக்காகப் பிடித்திருந்தால் எட்டுப் புள்ளி நீளம் வரும். மண்வெட்டிக் காம்பும் அதே எட்டுப் புள்ளிதான். இரண்டின் தடிமனும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் டிரோன் அந்த 200 மீட்டரை ஏழு நொடியில் கடக்கும். நல்ல கேமரா போட்டால் புள்ளிகள் கூடும், உண்மை. ஆனால் கையைத் தூக்குவது சரணடைவதற்கா, குண்டு வீசுவதற்கா, விழுந்து கிடப்பவர் பதுங்குகிறாரா, காயம்பட்டவரா என்பதைப் புள்ளிகளின் எண்ணிக்கை தீர்க்காது. போர்ச் சட்டமான ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையில் 41ஆம் பிரிவு, சரணடைந்தவரையும் செயலிழந்து கிடப்பவரையும் தாக்கக்கூடாது என்கிறது. அந்தப் பிரிவுக்குச் சென்சார் கிடையாது.

அடுத்தது ‘99 சதவீதத் துல்லியம்’ என்ற வாதம். ஒரு ஊரில் 10,000 பேர், அவர்களில் ஆயுதம் தாங்கியவர் 10 பேர் என்று வையுங்கள். கருவி இரு பக்கமும் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. அந்தப் பத்துப் பேரும் அநேகமாக அகப்படுவார்கள். மீதி 9,990 பேரில் ஒரு சதவீதம், அதாவது சுமார் 100 பேர், தவறாகக் குறிக்கப்படுவார்கள். குறிக்கப்பட்ட ஒவ்வொரு 11 பேரிலும் 10 பேர் அப்பாவிகள். பள்ளிக் கணக்குதான் இது.

பிறகு ஏன் இராணுவங்கள் இதை நோக்கி ஓடுகின்றன? ஜாமிங். உக்ரைன் போரில் டிரோனுக்கும் ஆபரேட்டருக்கும் இடையிலான ரேடியோ இணைப்பைத் துண்டிப்பது அன்றாட வேலையாகிவிட்டது. இணைப்பு அறுந்தால் டிரோன் திரும்பி வரலாம், விழலாம், அல்லது தானே தொடரலாம். மூன்றாவது வழியில்தான் தன்னியக்கம் நுழைகிறது. இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் ஒரு டாங்கைத் தேர்ந்து பூட்டியபின், கடைசிச் சில நூறு மீட்டரை டிரோன் தானே பின்தொடர்ந்தால், தேர்வு மனிதனுடையது. அந்தப் பகுதியில் எது டாங்கு என்று டிரோனே தேடிக் கண்டுபிடித்து அடித்தால், தேர்வு இயந்திரத்துடையது. இரண்டுக்கும் கேமரா ஒன்று, சர்க்யூட் பலகை ஒன்று, வெடிபொருளும் ஒன்று. மாறுவது மென்பொருள் மட்டும். பெட்டியைத் திறந்து பார்க்கும் பரிசோதகரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. லிபியா பற்றிய ஐ.நா. நிபுணர் குழு 2021இல் தந்த அறிக்கை கார்கு-2 டிரோனைப் பற்றிக் குறிப்பிட்டபோது இந்தச் சிக்கல்தான் வந்தது. ஆபரேட்டர் இணைப்பு இல்லாமலே தாக்கும்படி அது நிரலாக்கப்பட்டிருந்தது என்றது அறிக்கை. அந்த நேரத்தில் எந்த முறையில் ஓடியது, அதனால் யாராவது இறந்தார்களா என்பதை அது தெளிவாக்கவில்லை. ஊடகங்கள் மட்டும் ‘ரோபோ மனிதனைக் கொன்றது’ என்று தலைப்புப் போட்டு, சிவப்புக் கண் எரியும் எலும்புக்கூட்டுப் படத்தையும் ஒட்டின. அந்தப் படம் இந்த விவாதத்துக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. ஆபத்து ஒரு கைப்பையில் அடங்கும் பிளாஸ்டிக் டிரோனில் இருக்க, மக்கள் எலும்புக்கூடு வரும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். போர்க்கப்பலில் உள்ள ஃபேலன்க்ஸ் பீரங்கி நொடிக்கு 300 மீட்டரில் வரும் ஏவுகணையைத் தானே கண்டு சுடுகிறது. 20 கிலோமீட்டரில் தெரிந்தால் கையில் உள்ள நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல். அதை எடுத்துவிட்டால் மாலுமிகள் சாவார்கள். இலக்கு பொருள், சூழல் கடல், பக்கத்தில் நிறுத்தக்கூடிய ஆள். செஞ்சிலுவைக் குழு 2021 மே மாதம் வைத்த யோசனை இந்த வேறுபாட்டை மதிக்கிறது. விளைவை முன்கூட்டிக் கணிக்க முடியாதவற்றுக்கு முழுத் தடை. மனிதரை நேரடியாகக் குறிவைப்பவற்றுக்கு முழுத் தடை. மற்றவற்றுக்கு இலக்கின் வகை, இயங்கும் நேரம், நிலப்பரப்பு, தாக்குதலின் அளவு ஆகியவற்றில் வரம்பு. பொதுமக்கள் இல்லாத சூழலில் மட்டும் பயன்பாடு. மேற்பார்வையிட்டுத் தலையிட மனிதனுக்கு வழி. என் கணிப்பில் இதுவரை வந்தவற்றுள் கையாளத்தக்க வரைவு இதுதான். இந்த விவாதத்தில் அடிக்கடி அடிபடும் ‘பொருளுள்ள மனிதக் கட்டுப்பாடு’ என்ற சொற்றொடரை வைத்துக்கொண்டு பெயரடைக்குச் சண்டை போடுவதைவிட, ‘இத்தனை நிமிடம், இத்தனை சதுர கிலோமீட்டர், இந்த வகை இலக்கு’ என்று எழுதுவதே சட்டமாக நிற்கும்.

சோதித்து உறுதிசெய்ய முடியாத தடை வீண் என்பார்கள். பார்வையைப் பறிக்கும் லேசர் ஆயுதங்களை 1995இல் தடை செய்த நெறிமுறையில் சோதனை ஏற்பாடு எதுவும் கிடையாது. அவை போர்க்களத்தில் பரவுமுன்பே தடை வந்தது, பரவவில்லை. தன்னியக்க ஆயுதத்துக்குச் செய்யக்கூடியது இன்னும் அதிகம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் சென்சார் கண்ட படம், வகைப்பாட்டு முடிவு, அதன் நம்பிக்கை மதிப்பு, ஓடிய மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றை மாற்ற முடியாத பதிவாக வைக்கச் சொல்லலாம். மென்பொருள் மாறினால் அதைப் புதிய ஆயுதமாகவே கருதி, முதல் கூடுதல் நெறிமுறையின் 36ஆம் பிரிவு கேட்கும் சட்டப் பரிசீலனையை மறுபடி நடத்தச் சொல்லலாம். டிரோன் வெடித்துச் சிதறினால் பதிவும் போய்விடும் என்பது நியாயமான ஆட்சேபம். எனவே இணைப்பு இருக்கும்போதே பதிவை வெளியே அனுப்ப வேண்டும். இணைப்பே இல்லாத முறைக்கு நேர வரம்பும் பரப்பு வரம்பும் மிகக் குறுகியதாக இருக்க வேண்டும்.

இந்த ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. பேச்சு 2014இல் ஜெனீவாவில் தொடங்கியது. 2019இல் 11 வழிகாட்டிக் கொள்கைகள் வந்தன, அவற்றுக்குச் சட்ட வலு இல்லை. அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். ஒரு நாடு தலையாட்ட மறுத்தால் போதும். 2023 டிசம்பரில் விஷயம் ஐ.நா. பொதுச் சபைக்குப் போனபோது அங்கே வந்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, ரஷ்யா, பெலாரஸ், மாலி எதிர்த்தன, 11 நாடுகள் ஒதுங்கின. 2024 டிசம்பரில் ஆதரவு 166 ஆனது, எதிர்ப்பு மூன்று. 2026க்குள் ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளரும் செஞ்சிலுவைக் குழுவும் 2023இலேயே கேட்டுக்கொண்டார்கள். கண்ணிவெடித் தடை 1997இலும் கொத்துக்குண்டுத் தடை 2008இலும் ஜெனீவா மேசையை விட்டு வெளியே வந்துதான் சாத்தியமாயின. பெரிய வல்லரசுகள் கையெழுத்திடவில்லை என்று அப்போதும் பரிகசித்தார்கள். இதற்கும் அந்த வழிதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு வரைவு வந்தால் ‘மனிதன்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணாதீர்கள். இயக்கிய கணத்துக்கும் தாக்கும் கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் அனுமதித்திருக்கிறார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.