ரோஜா எக்ஸோசோம் போட்டா சொட்டைல முடி வருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயசு, உச்சந்தலைல சொட்டை தெரிய ஆரம்பிச்சிருச்சு. ஒரு க்ளினிக்ல ரோஜா செடில இருந்து எடுத்த எக்ஸோசோம், நானோ டெக்னாலஜி, சைடு எஃபெக்டே இல்லன்றாங்க. தலைல ஊசி ரோலர் ஓட்டி அதுமேல ஊத்துவாங்களாம். நம்பி போகலாமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. எக்ஸோசோம்னா செல்லுங்க வெளிய விடற குட்டி கொழுப்புப் பைங்க, சுமாரா 30ல இருந்து 150 நானோமீட்டர், உள்ள புரதம், ஆர்என்ஏ (செல்லுக்கு தகவல் கொண்டு போற மூலக்கூறு) எல்லாம் இருக்கும். ஐடியா மோசம்னு சொல்லமாட்டேன், நானோ துகளுங்க முடிக்குழி வழியா உள்ள இறங்கும்ங்கறது உண்மைதான்.

ஆனா ஆதாரம்னு காட்டற படத்துல பெரும்பாலும் எலி முதுகுதான் இருக்கும். லேப்ல கருப்பு எலியோட முதுக ஷேவ் பண்ணா தோல் ரோஸ் கலர்ல தெரியும், முடி வளர ஆரம்பிச்சதும் அதே தோல் சாம்பலாகி கருத்துடும், பாக்க அட்டகாசமா இருக்கும். அந்த முதுகு முடியெல்லாம் ஒண்ணா தூங்கி ஒண்ணா எந்திரிக்கறது, மருந்து கொஞ்சம் முன்னாடி எழுப்பி விட்டாலே ரிசல்ட்டுதான். நம்ம தலைல ஒவ்வொரு முடியும் தனித்தனி டைம்ல ஓடுது, போதாததுக்கு ஆம்பளைங்க சொட்டைல டிஹெச்டி ஹார்மோன் வேரையே சுருக்குது, ஷேவ் பண்ண எலிக்கு அந்தப் பிரச்சனை ஏது?

அப்புறம் அந்த ஊசி. 2013ல வந்த மும்பை ஆய்வு ஒண்ணுல 100 ஆம்பளைங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு முடி வளர தலைல தடவற மினாக்ஸிடில் மருந்து மட்டும், இன்னொண்ணுக்கு வாராவாரம் ஊசி ரோலரும் சேத்து குடுத்தாங்க, 12 வாரத்துல ரோலர் குரூப்புக்குத்தான் முடி நல்லா கூடியிருந்துச்சு. அப்போ உங்களுக்கு நாலு முடி வந்தாலும் அது ரோஜாவாலயா ஊசியாலயானு க்ளினிக்காரங்களுக்கே தெரியாது. காஸ்மெட்டிக்னா பொதுவா தேய்க்கறது, ஊத்தறது, தெளிக்கறதுனு மேலோட போடறதுதான், ஊசி குத்தி ஓட்டை போட்ட தோலுக்குள்ள இறக்கறது வேற கதை. அந்த மருந்து குப்பிய கையில வாங்கி லேபிள படிங்க, வெளிப்பூச்சுக்கு மட்டும்னு பொடி எழுத்துல இருந்தா எந்திரிச்சு வந்துருங்க.

முதல்ல தோல் டாக்டர்கிட்ட தலைய காட்டுங்க. டெங்கு, டைஃபாய்டு வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொட்டறதா இருந்தா பெரும்பாலும் தானா வளந்துடும், அந்த நேரத்துல எந்த சீரம் போட்டிருந்தாலும் பேரு அதுக்குப் போயிடும். ஆண் சொட்டைதான்னா 5 சதவீத மினாக்ஸிடில், கூடவே டிஹெச்டிய குறைக்கற ஃபினாஸ்டிரைடு மாத்திரை வேணுமா, அதோட பக்கவிளைவு என்னனு அவர்கிட்டயே கேளுங்க. மினாக்ஸிடில் ஆரம்பிச்ச முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமா கொட்டலாம், பயந்து நிறுத்திடாதீங்க, நாலு மாசமாவது போடணும். இன்னிக்கே உச்சந்தலைய ஒரு போட்டோ எடுத்து வைங்க, மாசாமாசம் அதே லைட்ல, அதே ஆங்கிள்ல.