வாசகர் கேள்வி பதில்: ஸ்கேல்ல எட்டாவது சுரம் எங்கேருந்து வந்துச்சு?

கேள்வி: என் பொண்ணு கீபோர்ட்ல ஜாஸ் கத்துக்கிறா. அவ தாத்தா ஹார்மோனியத்துல ஏழு சுரம்னுதான் சொல்லிக்கொடுத்தார், இப்ப பேரி ஹாரிஸ் முறைன்னு சொல்லி எட்டு சுரம் வாசிக்கிறா. யாருங்க அவரு, இது சரியான பாடமா?
- ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சரியான பாடம்தான் அக்கா, தைரியமா விடுங்க. பேரி ஹாரிஸ் 1929ல டெட்ராய்ட்ல பிறந்தவர், அம்மா சர்ச்சுல பியானோ வாசிச்சவங்க, நாலு வயசுல அவங்ககிட்டதான் ஆரம்பிச்சார். பீபாப்னு சொல்ற வேகமான ஜாஸ் பாணியில பெரிய பியானோக்காரர், ஆனா என் மனசுல அவர் முதல்ல வாத்தியார்தான்.

அந்த எட்டாவது சுரத்த நீங்களே வீட்ல சோதிச்சுப் பாக்கலாம். ஒண்ணாம் கட்டைல, அதான் C-ல, ச வச்சு பொண்ண சங்கராபரணம் ஏறச் சொல்லுங்க, நீங்க தாளம் போடுங்க, தட்டுக்கு ரெண்டு சுரம். ச-ரி, க-ம, ப-த, நி-ச. பாத்தீங்களா, மேல் ச தட்டு மேல விழாம தள்ளிப்போயிடுச்சு. இப்ப ப-க்கும் த-க்கும் நடுவுல இருக்கிற கறுப்புக்கட்டைய, அதான் சின்ன தைவதம், அதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்க. ச-ரி, க-ம, ப-சின்ன த, பெரிய த-நி, அடுத்த தட்டுல கரெக்டா மேல் ச! ச, க, ப, பெரிய த நாலும் எத்தனை ஸ்தாயி ஏறினாலும் தட்டுலயே விழும், அந்த நாலையும் ஒண்ணா சேர்த்து அமுக்கினா சிக்ஸ்த் கார்ட், இடையில வர்ற நாலும் சேர்ந்தா டிமினிஷ்ட் கார்ட், அதனாலதான் சிக்ஸ்த் டிமினிஷ்ட் ஸ்கேல்னு பேரு. எனக்கு இது புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி பூரா மேசையில தட்டிக்கிட்டே இருந்தேன்.

கிளாஸ்ல அவர் வாயால ஒரு வரி பாடுவார், பிள்ளைங்க அத காதுல வாங்கி வாசிக்கணும், நம்ம பாட்டு வாத்தியார் மாதிரியேதான். 1982ல நியூயார்க்ல ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர்னு ஒரு இடம் ஆரம்பிச்சார், அது அஞ்சு வருஷம்தான் ஓடுச்சு, ஆனா பாடத்த அவர் நிறுத்தல, கொரோனா நேரத்துல ஸூம்ல கூட எடுத்தார். 2021 டிசம்பர்ல, 92வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போயிட்டார். அதனால பொண்ணு வாசிக்கிறத முதல்ல பாடிக்காட்டச் சொல்லுங்க, தாத்தாவையும் பக்கத்துல உக்கார வைங்க.

கேள்வி: ஜாஸ் டிகிரி படிக்க வெளிநாடுதான் போகணுமா?
- ஒரு மாணவர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: வேணாம் தம்பி. ஆப்பிரிக்காவுலயே முதல் ஜாஸ் டிகிரி 1983ல நம்ம டர்பன்லதான், நேட்டால் யூனிவர்சிட்டில ஜாஸ் பியானோக்காரர் டேரியஸ் புரூபெக் ஆரம்பிச்சது. இப்ப அது குவாசுலு-நேட்டால் யூனிவர்சிட்டி. நேர்ல போய் விசாரிங்க.