சும்மா உட்காருவதும் ஒரு வேலைதான்

கேள்வி: இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் தொண்டராகச் சேர ஆசை. மருத்துவம் தெரியாத எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

பதில்: தாராளமாகச் சேருங்கள். மருந்து, ஊசி எல்லாம் நர்ஸ் பாடு. நானும் முதல் நாள் ஆறுதல் சொல்கிறேன் என்று வளவளவென்று பேசினேன். அந்தப் பெரியவர் கண்ணை மூடியபடியே, "கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார். சரி என்று கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் கேட்கிறாரே என்று டம்ளரை நீட்டிவிடாதீர்கள், புரையேறும். நர்ஸ் காட்டித்தருவார்; நனைத்துப் பிழிந்த பஞ்சால் உதட்டை ஒற்றி எடுக்க வேண்டும். அந்தப் பெரியவரின் மனைவியை இரண்டு மணி நேரம் தூங்க அனுப்பினேன் பாருங்கள், அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

1967-ல் லண்டனில் நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸும் முன்பு இப்படியோர் இல்லத்தில் தொண்டராக இருந்தவர்தான். ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் அண்மையில் இழப்பு ஏதுமுண்டா? இருந்தால் கொஞ்ச காலம் கழித்துச் சேருங்கள்.