மாடியறைக் கணினி ஏன் திணறுகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கீழே கூடத்தில், ரவுட்டருக்கு அருகில் நின்று கைப்பேசியில் சோதித்தால் 170, 180 என்று வேகம் காட்டுகிறது. மாடியறையில் உள்ள மேசைக் கணினியிலோ 10, 12-ஐத் தாண்டுவதில்லை. 2019-இல் வாங்கிய அந்தக் கணினியில் 4 ஜிபி ரேமும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் உள்ளன. யூஎஸ்பி டாங்கிள் மூலம் வை-ஃபையில் இணைத்திருக்கிறோம். காலையில் இயக்கினால் வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. இணைய நிறுவனத்தார் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் ஒரே புகாராகக் கலந்திருக்கின்றன. கணினி தயாராக ஐந்து நிமிடம் ஆவதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு இயக்கினாலும் அதே ஐந்து நிமிடம்தான் ஆகும். அதேபோல், கூடத்தில் 180 வருகிறது என்றால் நிறுவனம் தர வேண்டிய வேகம் வீட்டு வாசல் வரை ஒழுங்காக வந்துவிட்டது என்று பொருள். அதை 300 ஆக்கினாலும் மாடிக்குப் போய்ச் சேர்வது பழைய பத்தும் பன்னிரண்டுமாகவே இருக்கும்.

முதலில் இணைப்பைப் பார்ப்போம். அதே கைப்பேசியை மாடிக்குக் கொண்டுபோய், கணினிக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதியுங்கள். அங்கே கைப்பேசிக்கு 60, 80 கிடைத்து, கணினிக்கு மட்டும் 10 கிடைத்தால் குறை டாங்கிளில் இருக்கிறது. கைப்பேசியும் 10-க்கு இறங்கிவிட்டால் அலைவரிசையே மாடிக்குச் சரியாக ஏறவில்லை. ஐயம் தீராவிட்டால், சிரமம் பார்க்காமல் ஒரு நாள் மாலை சிபியூவைக் கீழே இறக்கி, ரவுட்டரோடு கேபிளில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். அப்போது நல்ல வேகம் வந்தால், கணினியின் வயதைக் காரணமாகச் சொல்லும் பேச்சுக்கு இடமே இல்லை.

மலிவான சிறு டாங்கிள்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. அட்டைப்பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருப்பது ஏட்டளவிலான உச்சம். அதில் பாதி கையில் கிடைத்தாலே பெரிது. மேலும், இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான் என்பதால், நெருக்கமான தெருவில் அக்கம்பக்கத்து வை-ஃபைகள் எல்லாம் அந்த மூன்றிலேயே முட்டிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகமும் அதிகம். ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையும் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தையும் தாண்டும்போது அது வெகுவாக மங்கிவிடும். ரவுட்டருக்குப் பக்கத்தில் இரும்பு பீரோ நின்றால் நிலைமை இன்னும் மோசமாகும்.

டாங்கிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சிபியூவின் பின்புறம், சுவரை ஒட்டிய இருட்டில், நீல நிற யூஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கு இரட்டைத் தண்டனை: ஒரு பக்கம் இரும்புப் பெட்டி மறைக்கிறது, மறுபக்கம் யூஎஸ்பி 3.0-இல் எழும் மின்னிரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே குறுக்கிடுகிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, டாங்கிளை மேசைமேல் வெளிச்சமான இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றச் செலவை யோசியுங்கள். அதில் போதிய முன்னேற்றம் இல்லையென்றால், ரவுட்டரிலிருந்து மாடிக்குக் கேட்-6 என்ற வகை இணையக் கேபிள் இழுப்பதே நிலையான தீர்வு என்பது என் கருத்து. 100 மீட்டர் வரை இந்தக் கேபிளில் வேகம் குறையாது என்பதால் சாதாரண வீட்டுக்குத் தூரம் ஒரு பொருட்டே அல்ல.

இனிக் கணினிக்குள் வருவோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். காலையில் இயக்கிய உடனேயே அதைத் திறந்து, 'டிஸ்க்' என்ற பத்தியைக் கவனியுங்கள். உங்கள் கணினியில் அது சில நிமிடங்களுக்கு 100 சதவீதத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழல்கிற டிஸ்க்கிலும் ஒரு சுற்றுக்கு 8 மில்லிவினாடிக்குமேல் ஆகிறது. விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் தட்டின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடிப் படிக்க வேண்டியிருப்பதால், இந்தச் சிறு காத்திருப்புகள் கூடிக்கூடி நிமிடங்களாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு 4 ஜிபி ரேம் நிரம்பியதும், விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வரும், சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. எனவே இந்தக் காத்திருப்பும் இல்லை.

ஆகவே, 500 ஜிபி அளவில் ஒரு சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்கான அதே வகை இணைப்பு) எஸ்எஸ்டியும் ரேமை 8 ஜிபியாக்க இன்னொரு 4 ஜிபியும் போடுங்கள். உங்கள் மதர்போர்டு டிடிஆர்3 ரேமுக்கானதா, டிடிஆர்4-க்கானதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. வேலையைத் தொடங்குமுன் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளியே படியெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் வங்கித் தாள்களும் ஆதார் நகலும் அதில் இருக்கக்கூடும். அதை இரண்டாவது டிஸ்க்காக அதே சிபியூவில் பொருத்திக்கொள்ளலாம். பில்லில் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள், நாளை உத்தரவாதம் கேட்கப் போகும்போது பேசப்போவது அந்த எண்தான்.

கடைக்காரர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கக்கூடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 'ஐ5-8400' என்பதுபோல் பிராசசர் பெயர் இருந்தால், கோட்டுக்குப் பின் வரும் 8-தான் தலைமுறை எண். 2019-இல் வாங்கிய உங்களுடையது எட்டு, ஒன்பது என்றால் மேற்சொன்ன செலவு வீண்போகாது. டிபிஎம் இல்லை என்று திரையில் வந்தால்கூட அது பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம், இயக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏழோ அதற்குக் கீழோ என்றால் மட்டுமே புதுக் கணினியைப் பற்றி யோசிப்பது பொருத்தம்.

கேள்வி: நான் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்தும் 95-க்குமேல் ஒருபோதும் வரவில்லை. இது ஏமாற்று இல்லையா? எங்கே முறையிடுவது?
– வாசகி, சேலம்

பதில்: எப்போதும் 94, 95-லேயே வந்து நிற்பது ஒரு தெளிவான தடயம். வழியில் ஏதோ ஒரு கண்ணி 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மட்டுமானது. அதில் தரவோடு கூடவே போகும் முகவரி போன்ற குறிப்புகளுக்கான பங்கு போக மிஞ்சுவது இந்த 95-தான். முறையீட்டுக்கு முன் கேபிள் முனையிலுள்ள ஒளி ஊடுருவும் பிளக்கைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். முன்பக்கப் பொன்னிறப் பற்களுக்குக் கீழே எட்டுக் கம்பிகள் வந்து நிற்க வேண்டும். ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் மட்டும் வந்து, நீலமும் பழுப்பும் பிளக்குக்கு வெளியிலேயே வெட்டப்பட்டிருந்தால், அந்தக் கேபிள் 100-க்குமேல் போகவே போகாது. 1,000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் தேவை.

கேபிள் சரியாக இருந்தால், மடிக்கணினியின் துளை 100 வகையா, நிறுவனம் தந்த ரவுட்டரின் துளை 100 வகையா என்று பார்க்க வேண்டும். முன்னது என்றால் நிறுவனத்தின்மேல் குற்றமில்லை. பின்னது என்றால், 300-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 100-க்கான கருவியைத் தந்தது அவர்கள் குறை. மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அது 39 நாள்களுக்குள் முடிவு செய்யப்பட வேண்டும் என்பது விதி. தனிநபர் புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புச் சேவைக் குறைகளுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதிசெய்திருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை. மனுவோடு, கேபிளில் இணைத்து வெவ்வேறு நாள்களில் எடுத்த வேகச் சோதனைப் படங்களைத் தேதி, நேரம் தெரியும்படி சேருங்கள். வை-ஃபையில் எடுத்த படங்கள் வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரைக் காரணம் காட்டி எதிர்த்தரப்பு அவற்றை எளிதில் தள்ளிவிடும்.