குளிர்காலத்தில் குறைந்த செலவில் வீட்டிலேயே சூடான சாண்ட்விச் செய்வது எப்படி?

கேள்வி கேட்டவர் தன் கஷ்டத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். குளிருக்கு ராத்திரியில் சூடாக ஏதாவது வேண்டும், தினமும் வெளியே வாங்கினால் கட்டுப்படியாகவில்லை, வீட்டில் செய்தால் மேலே கருகி உள்ளே சில்லென்று இருக்கிறது, சாண்ட்விச் மேக்கரும் கையில் இல்லை.

மேக்கரை முதலில் மறந்துவிடுங்கள். கொஞ்சம் கனமான தோசைக்கல்லோ தட்டையான வாணலியோ, அதற்கு ஒரு மூடி, மேலே வைத்து அழுத்த ஒரு சின்ன பாத்திரம், இவ்வளவு போதும். நான் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் ஒற்றை அடுப்பில் இப்படித்தான் செய்தேன். முதல் சாண்ட்விச் உங்களுடையதைப் போலவேதான் வந்தது. பசி அவசரத்தில் தீயை முழுசாக வைத்துவிட்டேன், 2 நிமிஷத்தில் அடிப்பக்கம் கரி. பிய்த்துப் பார்த்தால் சீஸ் துண்டு வைத்த மேனிக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கரியைக் கத்தியால் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டேன், வேறு வழியில்லை.

விஷயம் இதுதான். பிரெட் முழுக்கக் காற்றுக் குமிழி, கிட்டத்தட்ட ஒரு கம்பளி மாதிரி, சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. அதன் மேல்பரப்பு காய்ந்து 140 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் நன்றாகச் சிவக்க ஆரம்பிக்கும். சீஸ் இளக அதில் பாதிச் சூடு போதும், ஆனால் அந்தப் பாதிச் சூடு பிரெட்டைத் தாண்டி உள்ளே போய்ச் சேர நேரம் கொடுக்க வேண்டும். அதனால் சிறு தீ, ஒரு பக்கத்துக்கு 4 நிமிஷம், முதல் பக்கத்துக்கு மட்டும் மூடி. மூடினால் உள்ளே ஆவி நின்று சீஸ் சீக்கிரம் இளகும். திருப்பிப் போட்ட பிறகு மூட வேண்டாம், மூடியில் கோத்த தண்ணீர் சொட்டி, மொறுமொறுப்பாக வந்த பக்கம் நமத்துப்போகும். பாத்திரத்தை வைத்து அழுத்துவதும் இப்போதுதான், அதுவும் லேசாக.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே வைக்கிற பூரணத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் எத்தனை நிமிஷம் போட்டாலும் நடு மத்தி சூடாகாது. பூரணத்தை முதலில் அதே வாணலியில் ஆவி வரும் அளவுக்குச் சூடாக்கி, அப்புறம் பிரெட்டில் வையுங்கள். அதிலிருக்கும் ஈரமும் அப்போதே வற்றிவிடும்.

சரி, செலவு. சாண்ட்விச்சில் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் சீஸும் இறைச்சியும்தான். என் வழி என்னவென்றால் சீஸைப் பூரணமாக நினைக்காமல் பசையாக நினைப்பது. தடிமனாக ஒரு துண்டு வைப்பதற்குப் பதில் அந்தத் துண்டில் பாதியை மட்டும் துருவி, அதில் கொஞ்சத்தைக் கீழ் பிரெட்டில் தூவி, மேலே பூரணத்தைப் பரப்பி, மீதியை அதன் மேல் தூவி மூடினால், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு கடியிலும் சீஸ் இருக்கும், செலவானதோ பாதிதான். துருவியே வரும் பாக்கெட்டை விடக் கட்டியாக வாங்கித் துருவுவது நல்லது. பாக்கெட்டில் இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், அதனால் அவ்வளவு சீராக இளகாது. நன்றாக முதிர்ந்த சீஸ் சூட்டில் எண்ணெய் பிரிந்து திரிதிரியாகப் போகும். அதோடு கொஞ்சம் பிராசஸ்டு சீஸைச் சேர்த்துத் துருவுங்கள், அதிலிருக்கும் உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும், பிசுபிசுவென்று அழகாக இழுபடும்.

சீஸ் இன்னும் குறைவாக இருந்தால் வெள்ளை சாஸ். ஒரு ஸ்பூன் வெண்ணெயில் ஒரு ஸ்பூன் மைதாவைச் சிறு தீயில் வறுத்து, பச்சை வாசனை போனதும் அரை கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் கெட்டியாகும். இறக்கி ஒரு பிடி சீஸைக் கலந்துவிட்டால் 3, 4 சாண்ட்விச்சுக்கு வரும். கொஞ்சம் மிளகுத்தூள் போடுங்கள், இல்லையென்றால் சப்பென்று இருக்கும்.

பிரெட் விஷயத்தில் நான் சொல்லப்போவது கஞ்சத்தனமாகத் தெரியலாம். புது பிரெட்டை விட ஒரு நாள், இரண்டு நாள் ஆன பிரெட்தான் இதற்கு நல்லது, வெண்ணெய் தடவும்போது பிய்யாது, பூரணத்தின் ஈரத்தையும் தாங்கும். பிரெட் கெட்டியாவது காய்வதால் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1852-இலேயே பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஈரம் வெளியே போகாமல் அடைத்து வைத்த பிரெட்டும் கெட்டியாகிறது, மறுபடி 60 டிகிரிக்குச் சூடாக்கினால் மென்மை திரும்புகிறது என்று காட்டிவிட்டார். உள்ளே இருக்கும் மாவுச்சத்து மெல்ல இறுகுவதுதான் காரணம். ஆக, வாணலியில் போட்டதும் அந்தப் பழைய பிரெட் தானாகவே மிருதுவாகிவிடும். இந்த இறுகல் ஃபிரிட்ஜ் குளிரில் இன்னும் வேகமாக நடக்கும், எனவே பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் துண்டு துண்டாகவே ஃப்ரீசரில் போட்டுவிட்டு வேண்டும்போது வேண்டிய அளவு எடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் அந்த இடத்தைக் கிள்ளிவிட்டுச் சமாளிக்கும் வேலை வேண்டாம், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள்.

பூரணத்துக்கு நான் அதிகம் நம்புவது உருளைக்கிழங்கு, முட்டை, கொண்டைக்கடலை. காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராம் ஊறி வெந்தால் 200 கிராமுக்கு மேல் வரும், டின்னில் வாங்குவதை விட இதுதான் லாபம். ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் நிறைய வேகவைத்து, ஒரு வேளைக்கு ஆகும் அளவில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். செய்யும்போது முள்கரண்டியால் பாதியை நன்றாக மசித்து மீதியை முழுசாக விடுங்கள், முழுக் கடலையாகவே வைத்தால் கடிக்கும்போது உருண்டு மடியில் விழும். பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைச் சாறு, மிளகு, ஒரு ஸ்பூன் மயோனைஸ். அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு என்றால் கூடவே சிவக்க வதக்கிய வெங்காயம் வேண்டும், இதில் மட்டும் குறுக்கு வழி கிடையாது. 10 நிமிஷத்தில் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறு தீயில் 40 நிமிஷமாவது ஆகும். முதலில் கண்ணாடி மாதிரி ஆகும், அப்புறம் தண்ணீர் விட்டுச் சுருங்கும், அதற்கப்புறம் ஓரங்களில் பழுப்பேறி அடியில் ஒட்ட ஆரம்பிக்கும். அப்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டால் அந்தப் பழுப்பெல்லாம் வெங்காயத்திலேயே ஏறும். இதையே 3, 4 தடவை செய்ய வேண்டும். அரை கிலோ வெங்காயம் ஒரு கைப்பிடியாக வற்றிப் போவதைப் பார்த்தால் மனசு வலிக்கும்தான், ஆனால் ஒரு சாண்ட்விச்சுக்கு அதில் ஒரு ஸ்பூன் போதும். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 3, 4 நாள் தாங்கும்.

தக்காளி வைக்க ஆசைப்பட்டால் விதையை எடுத்துவிட்டு உப்புத் தூவி 10 நிமிஷம் வைத்து, விட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டு வையுங்கள். காளானும் கோஸும் அப்படித்தான், தண்ணீர் வற்ற வதக்காமல் வைத்தால் பிரெட் சொதசொதவென்று ஆகிவிடும்.

வீட்டில் சீஸே இல்லாத நாளும் வரும். 2 முட்டையை உப்பு, மிளகு போட்டு அடித்து வாணலியில் பரவலாக ஊற்றி, மேலே ஈரமாக இருக்கும்போதே 2 பிரெட் துண்டைப் பக்கம் பக்கமாக வைத்து, உடனே ஒரு தடவை புரட்டி முட்டையில் நனைத்து வையுங்கள். அடி வெந்ததும் மொத்தத்தையும் திருப்பிப் போட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முட்டையை உள்பக்கம் மடித்து, ஒரு துண்டை இன்னொன்றின் மேல் புத்தகம் மூடுவது போல மூடினால் முடிந்தது. 5 நிமிஷ வேலை, கழுவ ஒரே பாத்திரம்.

வெளிப்பக்கத்துக்கு வெண்ணெய்தான் வாசனை, சந்தேகமில்லை. ஆனால் அதிலிருக்கும் பால் பகுதி சீக்கிரம் கருகும், கட்டியாக இருந்தால் தடவவும் வராது. மயோனைஸை மெல்லிசாகத் தடவிப் பாருங்கள், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் தடவ வரும், முட்டையும் எண்ணெயும் இருப்பதால் ஒரே சீராகப் பொன்னிறமாகும். மயோனைஸ் வாசனை அடிக்குமோ என்று எனக்கும் பயம் இருந்தது, சூட்டில் அது தெரியவே தெரியாது. வாசனையும் வேண்டுமென்றால் வாணலியில் துளி வெண்ணெய்.

ஒரே சமயத்தில் 4, 5 பேருக்கு என்றால் வாணலி சரிப்படாது, கடைசி ஆளுக்குச் செய்வதற்குள் முதல் ஆளுடையது ஆறிவிடும். ஓவன் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து அழுத்தி, 200 டிகிரியில் 10 நிமிஷம் வையுங்கள், தேவைப்பட்டால் இன்னும் ஓரிரு நிமிஷம். ஒரே ஒரு சாண்ட்விச்சுக்காக ஓவனைப் போடுவது மின்சாரத்துக்குக் கேடு.

இறக்கியதும் தட்டில் படுக்க வைக்காதீர்கள், அடியில் வேர்த்துவிடும். குறுக்கே வெட்டி இரண்டு பாதியையும் கூடாரம் மாதிரி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி ஒரு நிமிஷம் பொறுங்கள். அதற்குள் வாணலியைப் பாருங்கள், வழிந்து விழுந்த சீஸ் ஓரமாகக் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். உடனே சுரண்டினால் இழுபடும். அரை நிமிஷம் விட்டால் விளிம்பு சிவந்து, தானே கல்லை விட்டு எழும்பி, அப்பளம் மாதிரி முழுசாகக் கையோடு வரும். எங்கள் வீட்டில் அது தட்டு வரை போனதே இல்லை, அடுப்படியில் நிற்பவர் வாய்க்குத்தான்.