கிட்னி மாத்தி 5 நாளாகியும் யூரின் வரல, ரத்தம் திரும்பப் பாய்ஞ்சதே டேமேஜா?

ஒரு மகள் கேட்டிருக்காங்க: "அப்பாவுக்கு 54 வயசு, 4 வருஷமா டயாலிசிஸ்ல இருந்தார். போன வாரம் மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட கிட்னி கிடைச்சு ஆபரேஷன் ஆச்சு. 5 நாளாகியும் யூரின் பேருக்குத்தான் வருது, திரும்ப டயாலிசிஸ் போடறாங்க. ரத்தம் திரும்பப் பாயறப்ப ஏற்பட்ட டேமேஜ்னு டாக்டர் சொன்னார். ரத்தம் போனா உறுப்புக்கு நல்லதுதானே? இதை முன்னாடியே தடுத்திருக்க முடியாதா? சொந்தக்காரர் ஒருத்தர் ஆன்டிஆக்ஸிடன்ட் பவுடர் வாங்கிட்டு வந்திருக்கார், கொடுக்கலாமா?"

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, கிட்னி வீணாப் போச்சுன்னு இப்பவே நினைச்சுக்காதீங்க. மூளைச்சாவு அடைஞ்சவங்ககிட்ட இருந்து வர்ற கிட்னில இது அடிக்கடி பார்க்கறதுதான், தூங்குற கிட்னின்னு சொல்வோம், முதல் வாரத்துல டயாலிசிஸ் தேவைப்பட்டாலே அந்தக் கணக்குல வந்துடும். பெரும்பாலானது 1 வாரத்துல இருந்து 3 வாரத்துக்குள்ள முழிச்சுக்கும், சிலது இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

ரத்தம் எப்படிக் கெடுக்கும்னு கேட்டீங்க இல்ல, அதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். கேஸ் அடுப்பைத் திருகி விட்டுட்டு லைட்டரைத் தாமதமா அடிச்சா குப்புனு பிடிக்கும் பார்த்திருப்பீங்க, கிட்டத்தட்ட அதேதான். ரத்தம் நின்னுபோன உறுப்புல ஆக்ஸிஜன் இல்லாததால சக்சினேட்னு ஒரு பொருள் எரியாம செல்லுக்குள்ள சேர்ந்துகிட்டே போகும், ரத்தக் குழாயைத் தைச்சு, ரத்தத்தைப் பிடிச்சு நிறுத்தியிருந்த கிளாம்பை எடுத்ததும் ஆக்ஸிஜன் உள்ள பாயுது, சேர்ந்தது எல்லாம் சில நிமிஷத்துல சடசடன்னு எரியறப்ப செல்லோட பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியால இருந்து ஃப்ரீ ரேடிக்கல்னு செல்லைத் தாக்கற பொருள் வெள்ளமா கிளம்பும், கூடவே கால்சியம் உள்ள புகுந்து நிறையும், அப்புறம் வெள்ளை அணுக்கள் வந்து வீக்கத்தைக் கூட்டும். கிட்னில அதிகமா அடி வாங்கறது யூரின் உருவாகற நுண்குழாய்களோட உள் செல்கள்தான். ஆனா அந்த செல்கள் செத்தாலும் பக்கத்துல தப்பிச்ச செல்கள் பெருகி அந்த இடத்தை மூடிடும், அதனாலதான் நான் நம்பிக்கையா பேசறேன்.

தடுக்க முடியாதான்னா, முழுசா முடியாது, குறைக்கலாம், அதுல பெரும்பகுதி ரத்தம் திரும்பறதுக்கு முன்னாடியே நடக்கணும். இன்னிக்கும் பெரிய ஆயுதம் குளிர்தான், 10 டிகிரி குறைஞ்சா செல்லோட தேவை ஏறக்குறைய பாதியாகிடும், அதான் கிட்னியை ஸ்பெஷல் திரவத்தால கழுவி 4 டிகிரி வாக்குல ஐஸ் பெட்டில கொண்டு வராங்க. இதயம் அப்படி 4 மணி நேரம்தான் தாங்கும், கிட்னி 24 மணி நேரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும், ஆனா அதுலயும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு, ஆம்புலன்ஸுக்காக ரோட்டை ஒதுக்கிக் கொடுக்கறது அதுக்குத்தான். பெட்டில சும்மா வைக்காம மெஷின்ல திரவத்தை ஓட்டிகிட்டே வச்சா தூங்குற கிட்னி குறையுதுன்னு 2009ல ஐரோப்பால நடந்த ஆராய்ச்சில தெரிஞ்சுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு, ஆஸ்திரேலியாவுலயும் நியூசிலாந்துலயும் 800 பேருக்கு மேல வச்சுப் பார்த்தாங்க, 2023ல ரிசல்ட் வந்துச்சு, ஆபரேஷன்லயும் அதுக்கப்புறமும் சாதாரண சலைன் ஏத்தினவங்கள்ல 40 சதவீதம் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டிருக்கு, ரத்தத்தோட உப்புக் கணக்குக்கு நெருக்கமான டிரிப் ஏத்தினவங்கள்ல 30 சதவீதம்தான். பாட்டிலை மாத்தினதுக்கே இவ்வளவு வித்தியாசம்!

மருந்து விஷயம்தான் ஏமாத்திகிட்டே இருக்கு. ஹார்ட் அட்டாக்ல அடைப்பைத் திறக்கறப்பவும் இதே டேமேஜ்தான், அங்க சைக்ளோஸ்போரின் ஊசி போட்டு 970 பேர்கிட்ட பார்த்தாங்க, 2015ல பலன் இல்லைன்னு வந்துடுச்சு. கையில பிபி பட்டையைக் கட்டி 5 நிமிஷம் இறுக்கி 5 நிமிஷம் தளர்த்தி இதயத்தைப் பழக்கலாம்னு 5000 பேருக்கு மேல முயற்சி பண்ணாங்க, 2019ல அதுவும் கைகொடுக்கல.

அதனால அந்தப் பவுடர் வேண்டாம், தயவுசெஞ்சு கொடுக்காதீங்க. ஆன்டிஆக்ஸிடன்ட் அடக்கும்னு சொல்ற அந்த ஃப்ரீ ரேடிக்கல் வெள்ளம் அடிச்சது கிளாம்பை எடுத்த முதல் சில நிமிஷத்துல, இன்னிக்கு 5 நாள் ஆச்சு. அதுவும் இல்லாம அந்த டப்பாவுல இருக்கற மூலிகையோ பொட்டாசியமோ புது கிட்னியை உடம்பு எதிர்க்காம இருக்கக் கொடுக்கற டாக்ரோலிமஸ் மாத்திரையோட அளவை ரத்தத்துல கலைச்சோ இதயத் துடிப்பைக் கெடுத்தோ விட்டுடலாம்.

இப்ப நம்ம கையில இருக்கறது அந்தக் கிட்னிக்கு ரெண்டாவது அடி விழாம பார்த்துக்கறது. டயாலிசிஸ் ஓடறப்ப அப்பாவுக்குத் தலை சுத்தல், கால் பிடிச்சு இழுக்கறது, கொட்டாவி மேல கொட்டாவி வந்தா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க, தண்ணி அதிகமா எடுத்து பிபி இறங்கினா புது கிட்னிக்கு மறுபடி ரத்தம் குறையும். வலிக்குன்னு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் தானா கொடுக்கக் கூடாது. யூரின் வரட்டும்னு தண்ணியை ஊத்தி ஊத்திக் கொடுக்கறதும் தப்பு, போக வழியில்லாத தண்ணி நுரையீரல்ல போய் நிக்கும். இளநீர் இப்ப வேண்டாம், பம்பளிமாஸ் பழம் இப்ப மட்டும் இல்ல, டாக்ரோலிமஸ் சாப்பிடற வரைக்கும் வேண்டாம். அந்த மாத்திரையோட அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கற அன்னிக்கு, எடுத்த பிறகுதான் காலை டோஸ்.

டாக்டர்கிட்ட டாப்ளர் ஸ்கேன்ல ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு கேளுங்க. 7லருந்து 10 நாளாகியும் முழிக்கலைன்னா கிட்னில ஊசியால துளி சதை எடுத்துப் பார்க்கற பயாப்ஸி பண்ணுவாங்க, அதுக்கு பயப்படாதீங்க, தூக்கத்துக்கு உள்ளேயே ரிஜெக்ஷன், அதாவது புது கிட்னியை உடம்பு எதிர்க்கறது, ஒளிஞ்சிருந்தா வெளிய தெரியாது. வந்துகிட்டிருந்த யூரின் சட்டுனு நின்னாலோ, காய்ச்சல், கிட்னி வச்ச இடத்துல வலி, மூச்சு வாங்கறது இருந்தாலோ காலைல ரவுண்ட்ஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க.

முழிக்கறப்ப யூரின் அளவு நாளுக்கு நாள் ஏறும், அப்புறம் டயாலிசிஸ் இல்லாமலே ரத்தத்துல கிரியேட்டினின்ங்கற கழிவு இறங்கும். சிலருக்கு அந்த நேரத்துல ஒரே நாள்ல 3, 4 லிட்டர் கொட்டும், அப்ப இந்தத் தண்ணிக் கட்டுப்பாடு அப்படியே தலைகீழாகிடும், அதனால இன்னிக்கு எவ்வளவு குடிக்கலாம்னு தினமும் காலைல கேட்டு யூரின் அளவு எழுதற சார்ட்லயே எழுதி வச்சுக்கோங்க.