ஆடும் தகட்டை அடக்குவது எப்படி? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஒலுவில், பொறியியல் மாணவி: சேர், தகட்டில் பீசோ வில்லை (மெல்லிய துண்டு) ஒட்டினால் அதிர்வு எப்படித் தானாக அடங்குது?

மகள், ஊஞ்சலை நினைச்சுப் பாருங்க. போற பக்கமே தள்ளினால் ஆட்டம் கூடும், எதிரே கையை வைத்தால் குறையும். பீசோ பொருளை வளைத்தால் மின்னழுத்தம் வரும். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டது இது. மின்னழுத்தம் கொடுத்தால் அதே பொருள் நீளும், சுருங்கும். அதனால் ஒரு வில்லை சென்சராக இருந்து வளைவைச் சொல்லும், மற்றது அக்சுவேட்டராக நின்று தள்ளும். கவனிக்க வேண்டியது ஒன்று: எவ்வளவு வளைந்திருக்கு என்பதற்கு எதிராகத் தள்ளினால் தகடு விறைக்குமே தவிர ஆட்டம் அடங்காது. வேகத்துக்கு எதிராகத் தள்ள வேணும்.

மட்டக்களப்பு, ஏ.எல். மாணவன்: வில்லையை எந்த இடத்தில் ஒட்டுறது? நுனிதானே கூட ஆடுது?

தம்பி, நுனி கூட ஆடும், ஆனால் அங்கே வளைவே இல்லை. ஹெக்சோ பிளேட் ஒன்றை வைஸில் இறுக்கி நுனியைச் சுண்டிப் பாருங்க. வளைவெல்லாம் வைஸுக்குப் பக்கத்திலதான். அந்த அடியிலேயே, பிளேட்டின் இரண்டு பக்கமும் நேருக்கு நேராக ஒட்டுங்க. அடியிலிருந்து நீளத்தின் 22 சதவீதமளவில் மட்டும் ஒட்ட வேண்டாம். தகடு பல வடிவங்களில் ஆடும், ஒவ்வொன்றும் ஓர் அதிர்வு முறை; இரண்டாவது அதிர்வு முறையில் அந்த இடம் வளையாது, சென்சருக்கு ஒன்றும் தெரியாது. சென்சரை நுனியிலும் அக்சுவேட்டரை அடியிலும் வைப்பதும் ஆபத்து: முதல் முறை அடங்கும், இரண்டாவது முறையில் நுனியின் திசை மாறிவிடுவதால் அடக்கப் போன விசையே அதை வளர்த்துவிடும்.

அக்கரைப்பற்று, அரிசி ஆலை உரிமையாளர்: மெசின் ஓடும்போது தளமே அதிருது. இது உதவுமா?

காசை வீணாக்காதீங்க. பெல்ட் ஓடும் சக்கரம் (pulley) சமநிலையாகச் சுற்றுதா, பெயாரிங் தேய்ந்திருக்கா, அடியில் ரப்பர் இருக்கா என்று முதலில் பாருங்க. எந்த வேகத்தில் அதிர்வு உச்சம் என்று கவனித்து, பெல்ட் சக்கரத்தின் அளவை மாற்றி அந்த வேகத்தைத் தவிர்த்தாலே பெரும்பாலும் போதும். பீசோ நீளுவது தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். சீமெந்துத் தளத்துக்கு அது எம்மாத்திரம்?

கல்லடி வாசகர்: பாலம், கட்டடம் மாதிரிப் பெரியதுக்குச் செய்யவே முடியாதா?

முடியும், வில்லையால் அல்ல. 1989இல் டோக்கியோவில் ஒரு 11 மாடிக் கட்டடத்தின் உச்சியில் எடையை வைத்து, சென்சர் சொல்வதுக்கு ஏற்ப அதை நகர்த்தினார்கள். கரண்ட் போனால் இந்த முறை நின்றுவிடும். தாய்வானின் தைப்பே 101 கோபுரத்தில் தொங்குகிற 660 டன் உருண்டைக்குக் கரண்டே வேண்டாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

அதே ஏ.எல். மாணவன்: சேர், மறுகா ஒரு கேள்வி. எல்லாம் பூட்டினேன், பிளேட் அடங்காமல் தானாகவே கீச்சிடுது.

அக்சுவேட்டருக்குப் போற வயர் இரண்டையும் மாற்றிப் பூட்டுங்க. எனக்கும் முதல் நாள் இதேதான், தொடாமலே பிளேட் பாட ஆரம்பித்தது. மாற்றியும் கீச்சிட்டால் பெருக்கத்தை (சென்சர் சிக்னலை எத்தனை மடங்காக்கி அனுப்புறது என்பதை) பாதியாகக் குறைத்துவிட்டு எழுதுங்க.